மறுநாள் எடுத்த படம்

அந்த மேசையில் படுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். எலும்பின் அடர்த்தியை அளக்கும் மேசை அது. மெல்லிய மெத்தை. மேலே வளைந்து நிற்கும் ஒரு வெள்ளைக் கை. கெண்டைக்காலுக்கு அடியில் பெரிய ஸ்பாஞ்சுக் கட்டை ஒன்றை வைப்பார்கள்; முதுகு மேசையோடு மேசையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கை மெல்ல உறுமிக்கொண்டு வயிற்றுக்கு மேலே ஊர்ந்து போகும். மழலையர் வகுப்பு டீச்சர் ஒருத்தியின் புடவை நுனியை யாரும் பிடித்து இழுக்காத இடம் வேறு எங்கே இருக்கிறது? "ஆராய்ச்சிக்கு வந்து தூங்குற ஒரே ஆள் நீதான்" என்று அவர் சிரித்தார். எனக்கும் அது பெருமையாக இருந்தது.

அவர் என் கணவர். அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவர். மாதவிலக்கு நின்ற பெண்கள் தினமும் கொஞ்ச நேரம் குதித்தால் எலும்பும் இதயமும் தசையும் வலுப்படுமா என்பது அவருடைய கேள்வி. வந்த பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி நடக்க வேண்டும், ஒரு பாதி தாழ்வான மரப்பலகை மேலிருந்து தொப்பென்று குதிக்க வேண்டும். குதிப்பவர்கள் எங்களுக்கு நாங்களே தவளைகள் என்று பெயர் வைத்துக்கொண்டோம். நான் ஒரு தவளை. அவருடைய அக்கா, என் நாத்தனார், இன்னொரு தவளை. "பேரன் எடுத்த வயசுல என்னைக் குதிக்க விட்டுட்டான் பாரு என் தம்பி" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தவளைகளுக்கு ஒரு விதி உண்டு. முதுகெலும்பின் அடர்த்தி குறிப்பிட்ட ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் குதிக்கக் கூடாது. மெலிந்த எலும்பு குதித்தால் நொறுங்கலாம். முதல் கூட்டத்திலேயே அவர் இதைத் தெளிவாகச் சொன்னார். இன்னொரு விதி, ஆராய்ச்சி முடியும்வரை அவரவர் எண்ணை அவரவருக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்துகொண்டால் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொள்வோமாம். கோட்டுக்கு மேலே என்றால் சேர்த்துக்கொள்வோம், கீழே என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அவ்வளவுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

அன்று எங்களுக்குக் கடைசிப் பரிசோதனை. பின்பக்கம் நாடாவால் முடிச்சுப் போடும் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டேன். ஊக்கு, கொக்கி, உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. எலும்புப் படம் முடிந்த பிறகுதான் இதயத் துடிப்பை அளக்க நெஞ்சில் வில்லைகளை ஒட்டி, ரப்பர் வாடை அடிக்கும் முகமூடியை மாட்டி, ட்ரெட்மில்லில் ஓட விடுவார்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கால் வலுவை அளக்கும் நாற்காலி. அண்ணியை அதில் உட்கார வைத்து, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு பட்டை, தொடைக்கு ஒரு பட்டை என்று விமானத்தில் கட்டுவதைவிட இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள்.

"என் கல்யாணத்துல கூட என்னை இப்படிக் கட்டிப் போடலை" என்றார் அண்ணி.

"பேசினா மூச்சு வாங்கும். இப்ப உதைங்கம்மா. உதைங்க, உதைங்க, இன்னும், இன்னும்!" என்று டெக்னீஷியன் கத்தினாள். இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பெண்தான். நாற்காலியில் இருப்பவரை உதைக்கச் சொல்லிக் கத்துவாள். திரைக்கு இந்தப் பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்தி "அசையாதீங்க" என்பாள். அதனால் தவளைகள் அவளுக்கு 'அசையாதீங்க' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு உதைகளுக்கு நடுவே காலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பதால், அண்ணியைக் கட்டியபடியே விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

சுவருக்கு அப்பால் கூடத்தில் தொப், தொப் என்று சத்தம் கேட்டது. எங்களுக்கு அடுத்துச் சேர்ந்த தவளைகள்.

"அசையாதீங்க மேடம்."

கை ஊர்ந்தது. பிறகு என்னைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து இன்னொரு படம் எடுத்தாள். திரும்பும்போது முதுகில் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளாகவே அந்த வலி இருந்தது. புரண்டு படுத்தால், வகுப்பில் அழுகிற குழந்தையைக் குனிந்து தூக்கினால், தும்மினால். அவரிடம் சொன்னேன். "சும்மா இருந்த தசை இப்ப வேலை செய்யுது. வலிக்கத்தான் செய்யும், நல்ல வலி அது" என்றார். தைலம் வாங்கி வந்தார். சட்டையைத் தூக்கச் சொல்லி அவரே உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். அந்தக் கையை நினைத்து அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது.

உறுமல் நின்றது. டெக்னீஷியன் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வழக்கமாக "ஆச்சு மேடம், எந்திரிங்க" என்பாள்.

"மேடம், முதுகு வலி ஏதாவது இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"இல்ல, சும்மா. சாரைக் கூட்டிட்டு வரேன்."

சும்மா கேட்கிறவர்கள் சாரைக் கூட்டிவரப் போவதில்லை. எழுந்து உட்கார்ந்தேன். கணினித் திரை என் பக்கம் திரும்பியிருந்தது. சாம்பல் நிறத்தில் என் முதுகெலும்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள் மாதிரி. அந்தப் படங்களைப் படிக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் நடுவில் ஒரு கட்டை மட்டும் முன்பக்கம் அமுங்கி, கதவுக்கு முட்டுக் கொடுக்கும் ஆப்பு மாதிரி இருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஒரு வரைபடம். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதன் மேலும் கீழுமாக மூன்று புள்ளிகள்.

டெக்னீஷியன் திரும்பி வந்தாள். "சார் போன்ல இருக்காரு. வந்துடுவாரு."

"இன்னிக்குக் கடைசிதானே? இனிமே எங்க எண்ணை எங்களுக்குக் காட்டலாம் இல்ல?"

"காட்டலாம்..."

"இந்த மூணு புள்ளி என்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சாரின் மனைவி கேட்கிறாள், சொல்லாமலும் இருக்க முடியாது. "கடைசியா இருக்கிறது இன்னிக்கு எடுத்தது மேடம். கோட்டுக்கு ரொம்பக் கீழ இருக்கு, அதான் சாரைக் கூப்பிட்டேன். இது ரெண்டும் நீங்க சேர்ந்தப்ப எடுத்தது. இது முதல் நாள். இது மறுநாள்."

முதல் நாள் புள்ளி கோட்டுக்குக் கீழே இருந்தது. மறுநாள் புள்ளி ஒரு முடி அளவு மேலே.

"முதல் நாள் எடுத்தது சரியா விழலைன்னாரே. நான் அசைஞ்சிட்டேன்னு."

"அசைஞ்சிருந்தா எலும்போட ஓரம் படிப்படியா உடைஞ்ச மாதிரி வரும் மேடம்." பழக்க தோஷத்தில் அவள் அந்த முதல் படத்தைத் திரையில் திறந்துவிட்டாள். பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. படத்தில் எலும்பின் இரண்டு ஓரங்களும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தன.

"இது நல்ல படம்தானே?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"சொல்லும்மா."

"நல்ல படம்தான். நான் அன்னிக்கே சொன்னேன். சார் இன்னொரு தடவை எடுன்னாரு, எடுத்தேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். அன்று வீட்டுக்கு வந்து அவர் "நீ அசைஞ்சிட்ட, நாளைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போயிடு" என்றபோது நான் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் நேரம் வீணாகிவிட்டதே என்றேன். அன்று மாலை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்து, அசையாமல் படுத்துப் பழகிப் பார்த்தேன். மூச்சு விட்டால் வயிறு ஏறி இறங்குகிறதே, அதுகூட அசைவுதானோ என்று பயந்து மூச்சை அடக்கிப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. அந்தக் காட்சி இப்போது ஒவ்வொரு துணுக்காகத் திரும்பி வந்தது. தலையணை உறையின் நீலம்கூட. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது, வெட்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு.

அது மட்டுமா என்று மனசு தோண்டிக்கொண்டே போனது. அவர் கணக்குப்படி, அவர் கையிலிருந்து டீ கொட்டினால் நான் குறுக்கே வந்திருப்பேன். அவர் வழி தவறினால் நான் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்திருப்பேன். மெதுவாகத்தான் பேசியிருப்பேன், "ஏன் கத்துற?" என்பார், உடனே என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்கும். இத்தனை வருஷமாக நான் அசைந்துகொண்டே இருந்திருக்கிறேன். அவர் மட்டும் நிலையாக நின்று அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

அவர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராகக் கணினித் திரைக்குப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். அமுங்கிய அந்தக் கட்டையில் அவர் பார்வை நின்றதை நான் பார்த்தேன். அந்த ஒரு கணத்தில் மட்டும், பயந்துபோய் என் பக்கம் திரும்புவார், என் தோளைத் தொடுவார் என்று நினைத்தேன். அப்படித் திரும்பியிருந்தால் ஒருவேளை நான் அங்கேயே அழுதிருப்பேன், கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"பொசிஷன் சரியில்ல" என்றார். "நீ அசைஞ்சிருக்க. இன்னொரு தடவை எடுத்துடலாம், படு."

"எத்தனை தடவை?"

"என்ன எத்தனை தடவை?"

"எத்தனை தடவை எடுத்தா உங்களுக்குப் பிடிச்ச எண் வரும்?"

அவர் டெக்னீஷியனைப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளியில இரும்மா."

"அவ இருக்கட்டும். அவதான் எடுத்தா. நீங்க அன்னிக்கு இந்த ரூம்லயே இல்ல. நான் அசைஞ்சதை நீங்க எங்கேருந்து பார்த்தீங்க?"

"மெதுவாப் பேசு. ஏன் கத்துற?"

நான் கத்தவில்லை. முதல் தடவையாக அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "நான் கத்தலை. நான் அசையவும் இல்லை. அந்தப் படத்தைத் திறந்து வச்சிருக்கா, நீங்களே பாருங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பில் புரியாத மாணவிக்குச் சொல்கிற குரல் வந்தது. "இங்க பாரு. எந்த மிஷின்ல ரெண்டு தடவை எடுத்தாலும் கொஞ்சம் முன்ன பின்ன வரும். நீ சரியா அந்தக் கோட்டுல நின்ன. மேலயா கீழயான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாத இடம். அப்ப என்ன பண்றது? இன்னொரு தடவை பார்க்கிறதுதானே நியாயம்?"

"கோட்டுக்கு மேல ஒரு முடி அளவுல நின்னவங்க யாரையாவது மறுநாள் கூப்பிட்டீங்களா?"

அவர் நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். அதற்கு முன் அவர் பதில் சொல்லாத கேள்வி ஒன்றை நான் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"குதிச்சா உனக்கு நல்லதுன்னு நம்பினேன்" என்றார் கடைசியில். "நான் உன்னைக் கெடுக்கவா நினைச்சேன்? பாதிப் பேர் வராம நின்னுட்டாங்க. ஆள் குறைஞ்சா இத்தனை வருஷ வேலையும் ஒண்ணுக்கும் உதவாமப் போயிடும். உன் எலும்பும் கெட்டியாகும், வேலையும் நடக்கும்னு..."

"முதுகு வலிக்குதுன்னு சொன்னேனே. தைலம் தேய்ச்சீங்களே. அப்ப இந்தப் புள்ளி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தசைதான்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க. இங்க கொண்டுவந்து படுக்க வச்சுப் பார்க்கலை. அப்பப் பார்த்தா என்னை ஆராய்ச்சியிலேருந்து எடுக்கணும். எடுத்தா ஒரு ஆள் குறையும்."

அங்கிக்குள் என் முதுகு குளிர்ந்தது. பின்பக்க நாடா அவிழ்ந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிடித்து முடிந்துகொண்டேன். தைலம் தேய்த்த கை எதிரே தொடையில் கிடந்தது. அன்பு இல்லாத கை என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும். அன்பு இருந்தது. அன்போடுதான் தேய்த்தார், தெரிந்துகொண்டே தேய்த்தார். என்னைக் கொதிக்க வைத்தது அதுதான்.

"டேய் தம்பி!" திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியின் குரல். "என்னடா அங்க? என்னைக் கட்டிப் போட்டுட்டு ஆளாளுக்குப் போயிட்டீங்க. எனக்குக் காது மட்டும்தான் கட்டாம இருக்கு, எல்லாம் கேக்குது."

"ஒண்ணுமில்லக்கா. நீ சும்மா இரு."

"என்னடா ஒண்ணுமில்ல? என்னையும்தானே மறுநாள் வரச் சொன்ன? நான் அசைஞ்சேன்னு சொன்ன? நான் கல்லு மாதிரி கிடந்தேன்டா. மூக்கு அரிச்சதுக்குக்கூடச் சொறியலை."

டெக்னீஷியன் தரையைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த அமைதியில்தான் அது என் காதில் விழுந்தது. வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சுவருக்கு அப்பால், தொப். கொஞ்சம் இடைவெளி. தொப்.

"அவங்கள்ல எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"யாரு?"

"அந்த ரூம்ல குதிக்கிறவங்க. எத்தனை பேரு அசைஞ்சாங்க?"

அவர் எழுந்து கதவுக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றார். "பேட்ச் நடக்குது. இப்பப் பாதியில நிறுத்தினா அவங்க டேட்டா மொத்தமும் போயிடும். நான் பார்த்துக்கிறேன். நாளைக்கு நிதானமா ஒவ்வொருத்தரையும் பார்த்து... நீ வீட்டுக்குப் போ. வீட்டுல பேசிக்கலாம்."

நாளைக்கு. இன்றைக்கு அவர்கள் குதித்து முடிக்கட்டும், பிறகு நாளைக்கு. என் முதுகின் நடுவே அமுங்கிப்போன அந்தக் கட்டை எந்த நாளைக்கு முந்தின நாள் அமுங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. வெளியூர் பஸ்ஸில் ஏறுகிற கூட்டத்தை விலக்குவது போல அவரை ஒதுக்கிவிட்டு நடந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். நான் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார்.

"முதல்ல என்னை அவுத்து விடுங்கடி!" என்று அண்ணி கத்தினார். பின்னால் பட்டைக் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் கேட்டது. டெக்னீஷியன் ஓடிப்போய் அவிழ்த்திருக்க வேண்டும்.

கூடத்தின் கதவைத் தள்ளினேன். வரிசையாக மரப்பலகைகள், அவற்றின்மேல் பெண்கள். எனக்கு முன்பின் தெரியாத முகங்கள். பயிற்சியாளர் கையைத் தூக்கி "அடுத்து" என்று சொல்ல வாயெடுத்திருந்தார். பச்சை அங்கியும் வெறுங்காலுமாக ஒருத்தி உள்ளே வந்ததும் எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றேன். வகுப்பில் ஜன்னல்மேல் ஏறுகிற பிள்ளையை நிறுத்துகிற குரல் அது. பயிற்சியாளரே கையை இறக்கிவிட்டார்.

"நான் உங்களுக்கு முன்னாடி சேர்ந்தவ. உங்களை மாதிரி குதிச்சவ. எனக்கு இப்ப முதுகெலும்புல ஒண்ணு அமுங்கியிருக்கு. ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். சேர்ந்தப்ப எலும்புப் படம் எடுத்தாங்களே, யாரையெல்லாம் மறுநாள் திரும்பக் கூப்பிட்டாங்க?"

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தார்கள். அங்கே அவர் நின்றிருப்பார். பதில் தெரிந்தும், சொன்னால் திட்டு விழுமோ என்று என் வகுப்புப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அதே பார்வை.

"என்னைக் கூப்பிட்டான்" என்று பின்னாலிருந்து அண்ணி மூச்சு வாங்கச் சொன்னார். ஒரு தொடைப் பட்டை இன்னும் அவர் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. "நான் அவனுக்கு அக்கா. என்னையே கூப்பிட்டான்."

முன்வரிசையில் பலகை மேலே நின்றிருந்த ஒல்லியான பெண் கையைத் தூக்கினாள். முழுதாக இல்லை, தோள் உயரத்துக்கு. எனக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஜன்னலோரத்தில் இன்னொரு கை. அதற்குப் பக்கத்தில் இருந்தவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் தூக்கினாள். நான் எண்ணவில்லை. எண்ணுகிற வேலையை இனி வேறு யாராவது செய்வார்கள். எங்கே போய் அதைச் செய்யவைப்பது என்பதையும் நான் கண்டுபிடிப்பேன்.

"கையைத் தூக்கினவங்க இறங்குங்க. குதிக்காதீங்க. மெதுவா, ஒவ்வொரு காலா."

ஒல்லியான பெண்ணிடம் போய் என் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வியர்த்திருந்தது. ஒரு காலைத் தரையில் வைத்து, இன்னொன்றை இறக்கும் முன் வாசல் பக்கம் பார்த்தாள்.

"சாரி சார்" என்றாள் அவள். "எனக்கு அன்னிக்கு இருமல் இருந்துச்சு. அடக்கிப் பார்த்தேன். என்னாலதான்."

என் முதுகிலிருந்து உச்சந்தலை வரை கோபம் ஏறியது. அவள் கையை நான் இறுக்கிப் பிடித்திருப்பேன் போலிருக்கிறது, அவள் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க" என்றேன். "இன்னொரு காலையும் கீழ வைங்க. உங்க படத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். முதல் நாள் எடுத்ததை."